புரியவில்லை என்றால் யாரிடம் கேட்பது?

வாசகர் கடிதம்:

எனக்கு 28 வயது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்து வளர்ந்தேன். அப்பா அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா பள்ளி ஆசிரியை. பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1143 வாங்கி, பொறியியல் படித்து, இப்போது வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்க்கிறேன். ஓராண்டாக மாலை வேளைகளில் முதுநகர் பக்கம் ஒரு குப்பத்தில் பதினைந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். பெரும்பாலும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். உப்பனாற்றங்கரையில் இருக்கும் இருளர் குடும்பங்களிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள். ஏழாவது படிக்கும் ஒரு பையனுக்கு இரண்டாம் வகுப்புப் பாடம் வாசிக்க வரவில்லை. அதே பையன் அம்மாவோடு மீன் ஏலத்துக்குப் போனால் பேப்பர் இல்லாமல் கணக்குப் போடுகிறான். போன மாதம் ஆறாவது படிக்கும் ஒரு பெண், "அக்கா, நீங்க படிக்கும்போது புரியலன்னா யாருகிட்ட கேப்பீங்க?" என்றாள். அம்மாகிட்ட என்றேன். "எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாதே" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு எழுதப் போய்விட்டாள். அன்றிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. என் மார்க் எல்லாம் என் உழைப்பு என்று நினைத்திருந்தேன். இப்போது பை, செருப்பு, பேனா என்று வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். அபராதம் கட்டுவது போல இருக்கிறது. பிள்ளைகள் கேட்டால் எங்கள் வீட்டு வசதியைக் குறைத்துச் சொல்கிறேன். அம்மாவோ, "நாமளும் கஷ்டப்பட்டுதான் வந்தோம், உங்க தாத்தா பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் காட்டுல கூலி வேலை பார்த்தவரு" என்கிறார். "படிச்சா நீங்களும் என்னை மாதிரி ஆகலாம்" என்று பிள்ளைகளிடம் சொல்ல வாய் வரவில்லை. வரும் ஜூனில் பெங்களூருக்குப் போக வேண்டி வரலாம். நான் செய்வதில் பயன் இருக்கிறதா? இந்தக் குற்ற உணர்வை என்ன செய்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடலூர்

ஆலோசகரின் பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அந்தச் சிறுமியின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். உங்களுடையது அப்புறம். அவள் உங்கள் வாழ்க்கையைப் பற்றித் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. பாடத்தில் எங்கோ சிக்கிக்கொண்டு நிற்கிறாள். அப்படி நிற்கும்போது மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளப் பார்த்தாள். ஆறாவது படிக்கும் பிள்ளை இவ்வளவு தெளிவாக இதைக் கேட்டதே எனக்குப் பெரிய நம்பிக்கை தருகிறது. நாளைக்கே அவளைக் கூப்பிட்டு, "புரியலன்னா என்கிட்ட கேளு. நான் வராத நாள்ல உங்க தெருவுல பெரிய வகுப்பு படிக்கிற அக்காகிட்ட கேளு. ஸ்கூல்ல டீச்சர்கிட்ட கேளு" என்று ஆளைக் காட்டிச் சொல்லுங்கள். டீச்சரிடம் எப்படிக் கேட்பது என்பதையும் பழக்குங்கள். "மிஸ், இந்த மூணாவது வரி புரியல" என்று இரண்டு மூன்று முறை சத்தமாகச் சொல்லிப் பார்க்கட்டும்.

இது உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தோன்றலாம். உங்கள் வீட்டுச் சமையலறையில் ஓர் ஆசிரியை தோசை சுட்டுக்கொண்டிருந்தார். ஆசிரியர் என்பவர் கேள்வி கேட்கக்கூடிய ஆள் என்பது உங்களுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தெரியும். அவளுக்கு ஆசிரியர் என்றால் நோட்டு எங்கே என்று கேட்பவர், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்பவர். கேட்டால் திட்டு விழும் என்று பயந்து, ஆண்டுக்கணக்கில் வாயே திறக்காமல் எட்டாவது வரை வந்துவிடும் பிள்ளைகளைப் பள்ளிகளில் நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கேட்கலாம் என்பதையே யாராவது ஒருவர் சொல்லித் தர வேண்டியிருக்கிறது.

இனி உங்கள் மனசுக்கு வருகிறேன். உங்களைப் போல மாலையில் பாடம் சொல்லித் தரப் போய்க் கலங்கி வருகிற இளைஞர்கள் பலரோடு பேசியிருக்கிறேன். அதில் சிலர் கொஞ்ச நாளில் நின்றுவிடுகிறார்கள். பிள்ளைகள் மேல் அன்பு இல்லாமல் இல்லை, அந்த உணர்வைத் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். நீங்கள் நின்றுவிடக் கூடாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

குற்ற உணர்வு, தப்பு செய்தவர் தன்னைத் திருத்திக்கொள்ள உதவும். நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. அம்மா சொல்லித் தந்தார், நீங்கள் கவனமாகக் கேட்டுப் படித்தீர்கள். செய்யாத தப்புக்கு வருகிற குற்ற உணர்வுக்குத் திருத்திக்கொள்ள ஒன்றும் அகப்படாது. அதனால் அது பணமாகவும் பொருளாகவும் கட்டிக்கொண்டே இருக்கும், கணக்கும் தீராது. பையும் செருப்பும் அப்படி வந்தவைதான். அபராதம் என்று நீங்களே சரியாகச் சொல்லிவிட்டீர்கள்.

அதற்குப் பதிலாக ஒரு வேலை தருகிறேன். "எனக்கு வசதி இருந்தது" என்று மொத்தமாக வருந்துவதை விட்டுவிட்டு, எது எது கிடைத்தது, யார் மூலம் கிடைத்தது என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். மொத்தமாகப் பார்த்தால் வருத்தம்தான் மிஞ்சும். பிரித்துப் பார்த்தால், எதை இந்தப் பிள்ளைகளுக்கு உங்கள் கையால் கொடுக்க முடியும், எது உங்களால் ஆகாது, எதை அரசிடம் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்துவிடும். இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வருவது முழுக்க இதுதான்.

அந்த 1143-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உங்கள் உழைப்பு உண்டு, அதை நீங்கள் கழித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த உழைப்புக்கு ஓர் இடம் இருந்தது. தேர்வு நாளில் டிவியை நிறுத்திய வீடு, உட்கார ஒரு மேசை, கணக்குக்கும் இயற்பியலுக்கும் தனித்தனி டியூஷன், அது முடிந்து இருட்டில் வரும்போது தெருமுனையில் நின்ற அப்பா என்று பலதும் இருந்திருக்கும். காலாண்டுத் தேர்வில் மார்க் குறைந்தால் உங்கள் வீட்டில் டியூஷனை மாற்றியிருப்பார்கள். நீங்கள் போகிற குப்பத்தில் மார்க் குறைந்தால், "படிப்பு ஏறல, படகுக்கு வரட்டும்" என்று பேச்சு கிளம்பிவிடும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது நீங்கள் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். மின்சாரம் இல்லாமல் கிடந்த நாள்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். ஆனால் உங்கள் புத்தகங்கள் நனைந்தனவா? சான்றிதழ்கள் எங்கே இருந்தன? 2015 மழையிலும், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு தென்பெண்ணை பெருகி வந்த வெள்ளத்திலும், தாழ்வான தெருக்களில் தண்ணீர் புகுந்தபோது நோட்டுப் புத்தகத்தோடு பிறப்புச் சான்றிதழும் ரேஷன் கார்டும் சேர்ந்துதான் நனைந்தன. தண்ணீர் எட்டாத பீரோ ஒன்று வீட்டில் இருப்பதும் படிப்புக்குக் கிடைத்த ஒரு வசதிதான், நாம்தான் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இன்னொன்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் கூலிக்குப் போகிற வீடுகளில் வருமானம் நின்றுபோகும் அந்த நேரத்தில்தான் ஆண்டுத் தேர்வு வருகிறது. கடன் ஏறி நிற்கும் நேரத்தில் பள்ளி திறக்கிறது. அந்த மாதங்களில் பிள்ளைகள் சிடுசிடுவென்று இருந்தாலோ, இரண்டு நாள் வராமல் இருந்தாலோ, அக்கறை இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

உங்கள் அம்மா சொல்வதை மறுக்காதீர்கள். அவர் சொல்வது உண்மை, நீங்கள் இப்போது பார்ப்பதும் உண்மை, இரண்டுக்கும் சண்டையே இல்லை. முந்திரிக் காட்டில் கூலி வேலை பார்த்தவரின் மகன் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர் ஆனது ஒரே தலைமுறையில். அதற்குக் கஷ்டப்பட்டது மட்டும் போதியிருக்காது. அந்தக் காட்டில் எத்தனையோ பேர் அதே அளவு கஷ்டப்பட்டார்கள். நடந்து போகிற தூரத்தில் அரசுப் பள்ளி இருந்திருக்கும். காமராசர் காலத்தில் தொடங்கிய மதிய உணவு இருந்தது. இடஒதுக்கீடு இருந்தது, அரசு வேலை இருந்தது. ஒருநாள் அப்பாவோடு உட்கார்ந்து கேளுங்கள்: உங்களைப் பாதியில் நிறுத்தாமல் படிக்கவிட்டது யார்? மத்தியானம் எங்கே சாப்பிட்டீர்கள்? வேலைக்கு விண்ணப்பம் போடச் சொன்னது யார், அதை நிரப்பித் தந்தது யார்? உங்கள் வீட்டு வசதி எப்படி உண்டானது என்று அப்போது தெரியும். பலர் கை கொடுத்து உண்டானது அது. இன்னொரு வீட்டிலும் உண்டாக்க முடியும் என்று தைரியமாக நம்பலாம்.

சரி, அந்தப் பையன். அவனைப் பற்றி நீங்கள் எழுதிய இரண்டு வரியை நான் பலமுறை படித்தேன். பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோரும் சக ஆய்வாளர்களும் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் கடைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் செய்த ஓர் ஆய்வு 2025-இல் நேச்சர் இதழில் வெளியானது. அந்தப் பிள்ளைகள் விலையைப் பெருக்கி, கூட்டி, மீதிச் சில்லறையை மனதிலேயே கணக்கிட்டுச் சரியாகத் தந்தார்கள். அதே மாதிரிக் கணக்கைப் பாடப்புத்தக வடிவில் கொடுத்தால் தடுமாறினார்கள். சந்தையில் வேலை பார்க்காத பள்ளிப் பிள்ளைகள் காகிதத்தில் போட்டார்கள், சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். அதாவது, ஒரு பக்கம் தெரிந்தது மறுபக்கத்துக்குத் தானாகப் போய்ச் சேர்வதில்லை. சேர்த்துவைக்க ஓர் ஆள் வேண்டும். உங்கள் பையனுக்கு அந்த ஆளாக நீங்கள் இருக்கலாம்.

எப்படி என்று கேட்பீர்கள். "ஒரு கூடை சங்கரா 1,350 ரூபா, நாலு கூடை எவ்வளவு?" என்று அவனிடம் கேளுங்கள். "ஆயிரத்து முந்நூறு நாலு தடவை ஐயாயிரத்து இருநூறு, அம்பது நாலு தடவை இருநூறு, மொத்தம் ஐயாயிரத்து நானூறு" என்கிற மாதிரி ஏதோ ஒரு வழியில் வருவான். அவன் சொல்லச் சொல்ல நீங்கள் நோட்டில் எழுதுங்கள்: 1350 × 4 = (1300 × 4) + (50 × 4). ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் பங்கீட்டுப் பண்பு என்று வருவது இதுதான். "நீ வாயால போட்டதுக்குப் புஸ்தகத்துல பேரு இருக்கு பாரு" என்று காட்டுங்கள். அடுத்த நாள் பங்குக் கணக்கு. 9,000 ரூபாய்க்கு மீன் விற்றது, டீசலும் ஐஸும் 2,400 போய்விட்டது, மீதியில் பாதி படகுக்கும் வலைக்கும், மற்ற பாதி மூன்று பேருக்கு. ஆளுக்கு எவ்வளவு? பங்கு பிரிக்கிற முறை ஊருக்கு ஊர் மாறும். அவர்கள் ஊரில் எப்படி என்று அவனே உங்களுக்குச் சொல்லித் தரட்டும். நீங்கள் தெரியாமல் நின்று அவன் விளக்குகிற அந்தப் பத்து நிமிடம் அவனுக்கு மிகவும் வேண்டியது. வகுப்பறையில் அவனுக்கு அது கிடைத்திருக்காது.

வாசிப்பு கொஞ்சம் கடினமான வேலை. ஏழாம் வகுப்புப் பாடத்தை அவனுக்கு நடத்தாதீர்கள், இப்போதைக்கு அது வீண். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு நாட்டின் பல மாநிலங்களில் செய்து காட்டிய முறை எளிமையானது: எந்த வகுப்பு என்று பார்க்காமல், பிள்ளைக்கு எழுத்து தெரிகிறதா, சொல் வாசிக்கிறதா, சின்னப் பத்தி வாசிக்கிறதா, கதை வாசிக்கிறதா என்று பார்த்து அந்த நிலையிலிருந்து தொடங்குவது. பதினைந்து பேரையும் ஒரு மாலையில் இப்படிப் பார்த்துவிடலாம்.

தமிழில் பிள்ளைகள் அதிகம் சிக்கிக்கொள்ளும் இடம் கொம்பு. "கெ" என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ ககரத்துக்குப் பின்னால் வருகிறது. "கொ"வில் முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி. "கௌ"வில் கடைசியில் நிற்பது ளகரமா, குறியா என்று குழப்பம். மூன்றாம் வகுப்புக்குள் இது பிடிபடவில்லை என்றால் அந்தப் பிள்ளை பாடத்தைக் காதால் கேட்டு மனப்பாடமாக ஒப்பித்தே காலம் தள்ளிவிடும். அவனுக்குக் கா வரிசை வருகிறதா, கெ கே கை வருகிறதா, கொ கோ வருகிறதா என்று தனித்தனியாகப் பாருங்கள். தடுமாறுகிற இடத்தில் தினமும் பத்து நிமிடம் போதும்.

ஆனால் ஒன்று. பன்னிரண்டு வயதுப் பையனை, இரண்டாவது படிக்கிற வாண்டுகளுக்கு நடுவில் உட்காரவைத்து "அணில், ஆடு" வாசிக்கச் சொல்லாதீர்கள். மறுநாள் வர மாட்டான். அவனுக்குத் தனியாக ஒரு நேரம் ஒதுக்குங்கள், வாசிக்கவும் அவனுடைய உலகத்திலிருந்து எடுத்துக் கொடுங்கள். "கடலூர் துறைமுகத்தில் 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது" என்று நாளிதழில் வருகிற செய்தி அவனுக்கு உள்ளும் புறமும் தெரிந்த விஷயம். அடுத்து என்ன சொல் வரும் என்று பாதியிலேயே ஊகித்துவிடுவான். அந்த ஊகம் வாசிப்புக்குப் பெரிய துணை. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று அவன் வீட்டில் புழங்கும் காற்றுப் பெயர்களை எழுதி வாசிக்கச் சொல்லுங்கள். பாடப்புத்தகத் தமிழ் உங்கள் வீட்டுப் பேச்சுக்குப் பக்கத்தில் இருந்தது. அவன் வீட்டுத் தமிழ் அதற்குச் சற்றும் குறைந்ததில்லை, பாடப்புத்தகத்துக்குள் வரவில்லை, அவ்வளவுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், இது என் தொழில் சார்ந்தது. இந்தப் பிள்ளைகளின் எல்லாத் தடுமாற்றத்துக்கும் வறுமைதான் காரணம் என்று நல்ல மனசுக்காரர்கள் சீக்கிரம் முடிவு கட்டிவிடுகிறார்கள். மஞ்சக்குப்பத்தில் ஒரு பையன் ஏழாவதில் வாசிக்கத் தடுமாறினால் முதலில் என்ன செய்வார்கள்? கண் டாக்டரிடம் கூட்டிப் போவார்கள். அப்புறம் காது, அப்புறம் கற்றல் குறைபாடு ஏதாவது இருக்கிறதா என்று பரிசோதனை. இவனுக்கும் அதே வரிசையில் செய்யுங்கள். அரசு மருத்துவமனையில் கண்ணையும் காதையும் பார்க்கச் சொல்லி அவன் அம்மாவோடு நீங்களும் போங்கள். சில மாதம் தினமும் பயிற்சி கொடுத்தும் எழுத்துகள் மனதில் நிற்கவில்லை என்றால், பள்ளித் தலைமை ஆசிரியர் மூலம் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைப் பார்க்க ஏற்பாடு செய்யலாம். ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்காது என்று எந்தச் சட்டமும் இல்லை. கண்டுபிடிக்க ஆள் இல்லாததுதான் வித்தியாசம்.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பது. உங்கள் வீட்டில் உங்களுக்குக் கிடைத்ததில் பெரிய சொத்து, தகவல். எந்த விண்ணப்பத்தை எப்போது போட வேண்டும், எந்தச் சான்றிதழை எந்த அலுவலகத்தில் வாங்க வேண்டும், கலந்தாய்வில் எந்தக் கல்லூரியை முதலில் எழுத வேண்டும் என்பதெல்லாம் உங்கள் காதில் விழாமலே அப்பாவும் அம்மாவும் பார்த்து முடித்திருப்பார்கள். அந்தக் குப்பத்தில் இதைச் சொல்ல ஆள் குறைவு.

அந்த மூன்று இருளர் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் இருக்கிறதா என்று விசாரித்தீர்களா? நம் மாவட்டத்தில் இருளர் குடும்பங்கள் பழங்குடிச் சான்றிதழுக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்த கதைகள் நிறைய. மற்றவர்களுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தோடு முடிகிற வேலை, பழங்குடியினருக்கு வருவாய் கோட்டாட்சியர் வரை போகிறது. அது இல்லாவிட்டால் பின்னால் உதவித்தொகை, விடுதி, கல்லூரி இடம் எல்லாவற்றிலும் சிக்கல். பெற்றோர் தயங்கித் தயங்கி அலுவலக வாசலில் நிற்பதற்கும், கண்காணிப்பாளராக இருந்த உங்கள் அப்பா பக்கத்தில் நின்று, "எந்தக் காகிதம் குறையுது சார், எழுதிக் கொடுங்க" என்று கேட்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! உங்கள் அப்பா ஓய்வில்தானே இருக்கிறார்? இந்த வேலையில் அவரை இறக்கிவிடுங்கள். நீங்கள் வாங்கித் தந்த எல்லாப் பைகளையும் விட இது அந்தப் பிள்ளைகளுக்கு நாளைக்கு அதிகம் உதவும்.

அப்புறம், பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு மாலை பேசுங்கள். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுதித் தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை வருகிறது. உங்களிடம் கேள்வி கேட்ட பெண்ணுக்கு அதற்குத் தயாராக நேரம் இருக்கிறது, இப்போதே குறித்துவையுங்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தால் மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. கடனை வாங்கியாவது பிள்ளையை நடுவில் தனியார் பள்ளிக்கு மாற்ற நினைக்கும் அப்பா அம்மாவுக்கு இது தெரிந்திருக்க வேண்டும், மாற்றினால் அந்த வாய்ப்பு போய்விடும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் அது போதாமல் இருக்கலாம். ஆனால் "காலேஜ் எல்லாம் நமக்கு எதுக்கு" என்ற பேச்சை நிறுத்த அது உதவுவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

பொருள் வாங்கிக் கொடுப்பதை இந்த மாதத்தோடு நிறுத்திவிடுங்கள். கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் வாங்கித் தரும் செருப்பு, அந்தப் பிள்ளையின் அப்பா தடைக்காலம் முடிந்து வாங்கித் தரலாம் என்று நினைத்திருந்த செருப்பாக இருக்கலாம். பிள்ளைக்குச் சந்தோஷம்தான். அப்பா முகத்தை நீங்கள் பார்க்கவில்லை. எல்லோருக்கும் பொதுவாகத் தேவைப்படும் ஏதாவது இருந்தால், ஒரு நல்ல விளக்கு, பாய், கொஞ்சம் கதைப் புத்தகங்கள், அம்மாக்களைக் கேட்டு, அவர்கள் கையாலேயே வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டைப் பற்றிக் குறைத்துச் சொல்வதையும் நிறுத்துங்கள். பிள்ளைகள் உங்கள் வண்டியைப் பார்க்கிறார்கள், போனைப் பார்க்கிறார்கள், அவர்களுக்கு எல்லாம் தெரியும். "எங்கம்மா டீச்சர். எனக்கு வீட்லயே சொல்லிக் கொடுத்தாங்க. டியூஷனும் போனேன். அதனால எனக்கு ஈசியா இருந்துச்சு. உங்களுக்குச் சொல்லித் தர ஆள் கம்மி, அதனாலதான் கஷ்டமா இருக்கு, நீங்க மக்குன்னு அர்த்தம் இல்ல" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். இந்தக் கடைசி வாக்கியத்தை யாராவது ஒரு பெரியவர் தன் வாயால் சொல்லிக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். உங்கள் அழுகையையோ வருத்தத்தையோ மட்டும் அவர்கள் முன்னால் வைக்காதீர்கள். அவர்கள் உங்களைத் தேற்ற ஆரம்பித்துவிடுவார்கள், அந்தச் சுமை அவர்களுக்கு வேண்டாம்.

"என்னை மாதிரி ஆகலாம்" என்று சொல்ல வாய் வரவில்லை என்றீர்களே, அந்தத் தயக்கம் சரியானது. உறுதி கொடுக்க முடியாததைச் சொல்லக் கூடாது. அடுத்த படியை மட்டும் சொல்லுங்கள். பையனிடம், "தீபாவளிக்குள்ள பேப்பர்ல ஒரு செய்தியை நீயே வாசிச்சிடுவ" என்று சொல்லலாம், அதற்கு நீங்கள் பொறுப்பேற்கலாம். அவன் படித்து மீன்வளக் கல்லூரிக்குப் போகலாம், ஐ.டி.ஐ.யில் சேரலாம், படகுக்கே போகலாம். படகுக்குப் போனாலும் வங்கிக் கடன் பத்திரத்தைத் தானே வாசித்துக் கையெழுத்துப் போடுகிறவனாகப் போவது வேறு.

கடைசியாக, பெங்களூர். நீங்கள் போவதில் தப்பில்லை. சொல்லாமல் போவதுதான் பிள்ளைகளைக் காயப்படுத்தும். உங்கள் இடத்துக்கு இப்போதே ஆள் தேடத் தொடங்குங்கள், அந்தக் குப்பத்துக்குள்ளேயே தேடுங்கள். 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் தமிழக அரசு தொடங்கிவைத்த இல்லம் தேடிக் கல்வி என்ற மாலை வகுப்புத் திட்டம், அந்தந்தத் தெருவில் இருக்கும் படித்தவர்களை, பெரும்பாலும் பெண்களை, தன்னார்வலர்களாக எடுத்து மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்து நடந்தது. நம் மாவட்டத்திலும் அப்படி ஏராளமான பெண்கள் பாடம் சொல்லித் தந்தார்கள். உங்கள் குப்பத்திலும் அப்போது பழகிய ஒருவர் இருக்கக்கூடும். இல்லாவிட்டால் தேவனாம்பட்டினம் பெரியார் கலைக் கல்லூரிக்குப் போய்வருகிற பெண் யாராவது நிச்சயம் இருப்பார். பைக்கும் செருப்புக்கும் செலவழித்த பணத்தை மாதச் சம்பளமாக அவருக்குக் கொடுங்கள். பிள்ளைகளுக்கு எந்நேரமும் கேட்க ஓர் ஆள் தெருவிலேயே கிடைப்பார், அந்தப் பெண்ணுக்கும் படிப்புச் செலவுக்கு உதவும். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நீங்கள் பேசலாம், ஆனால் அது உபரிதான்.

ஜூனுக்கு முன்னால் இரண்டு மாதமாவது அவரும் நீங்களும் சேர்ந்து பாடம் எடுங்கள். ஒரு நோட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, வாசிப்பு எந்த நிலை, கணக்கில் எதுவரை வருகிறது, எந்தச் சான்றிதழ் பாக்கி, எந்த ஆண்டு எந்தத் தேர்வு எழுத வேண்டும், வீட்டில் யாரிடம் பேசினால் காரியம் நடக்கும் என்று எழுதிவையுங்கள். கிளம்புகிற தேதி உறுதியான அன்றே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், அடுத்து யார் வருவார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நோட்டை அந்தப் பெண்ணிடம் கொடுங்கள். சான்றிதழ் விவரம் இருக்கிற பக்கங்களை மட்டும் ஒரு நகல் எடுத்து உங்கள் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். கோட்டாட்சியர் அலுவலக வேலை ஜூனுக்குள் முடியாது.